பழைய அமெரிக்க எல்லைப்புறத்து மருந்துக் கொம்பும் வேட்டைப் பையும் வீட்டிலேயே செய்ய முடியுமா?

பென்சில்வேனியாவில் ஒரு பழைய கோட்டையில், 18ஆம் நூற்றாண்டு உடையணிந்தவர்கள் போட்டிருந்த முகாமைப் பார்த்துவிட்டு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் தோளில் தொங்கிய, துப்பாக்கி மருந்து வைக்கும் மாட்டுக்கொம்பும் சின்னத் தோல்பையும் கண்ணை விட்டுப் போகவில்லை, விலை கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது, அதனால் நாமே செய்யலாம் என்று ஒரு கொம்பும் கொஞ்சம் தோலும் வாங்கிவிட்டீர்கள். கேட்டிருப்பது மூன்று: கொம்பை எவ்வளவு நேரம் வேகவைப்பது, எந்தத் தோல் சரி, செய்ததைப் பழையது போல ஆக்குவது எப்படி. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. 1770களின் வேட்டைக்காரர் ஒருவர் இதைக் கையில் வாங்கிப் பார்த்தால், நாடகச் சாமான் என்று திருப்பித் தராமல் தோளில் மாட்டிக்கொண்டு போவாரா? அதுதானே? அப்படி ஒன்றைச் செய்ய முடியும். முதல் கொம்பிலேயே வராது, அவ்வளவுதான்.

நான் சென்னையில் தோல் தொழில்நுட்பம் படித்தவன். அமெரிக்கா வந்து பதினைந்து வருடமாகிறது. சனி ஞாயிறுகளில் இந்த வேலை. தோலைப் பற்றி இங்கே சொல்வது படித்தது. கொம்பைப் பற்றிச் சொல்வது கொம்புகளைக் கெடுத்துக் கற்றது. எனக்குத் துப்பாக்கி சுடத் தெரியாது. எவ்வளவு மருந்து, எப்படிக் கெட்டிப்பது என்பதையெல்லாம் அதற்கான பயிற்சி தருபவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

முதலில் இது எதற்கு இருந்தது என்பதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் வடிவம் முழுக்க அதிலிருந்துதான் வருகிறது. உலோகத் தோட்டா வருவதற்கு முந்திய துப்பாக்கி. ஒவ்வொரு முறையும் குழல் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, எண்ணெய் தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து, நீளக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசித் தெறிக்கும் பொறியில் அது வெடிக்கும். அப்பலாச்சியன் மலையைத் தாண்டிப் போன மான்வேட்டைக்காரர் மாதக்கணக்கில் மழையிலும் ஆற்றிலும் இந்த மருந்தை நனையாமல் வைத்திருக்க வேண்டும். மாட்டுக்கொம்பு நம் நகம் செய்யப்பட்ட அதே கெரட்டின்தான். தண்ணீர் உள்ளே போகாது, பொறி பறக்காது, விழுந்தால் உடையாது, எடையும் இல்லை, மாடு இருக்கும் ஊரெல்லாம் சும்மா கிடைக்கும். பையில் மற்றவை: குண்டுகள், துணித்துண்டுகள், ஒன்றிரண்டு உபரிக் கல், பொறித்துளையைக் குத்திவிட ஒரு கம்பி, திருகாணி கழற்ற ஒரு சின்னக் கருவி, குழல் துடைக்கச் சணல் நார். அமெரிக்காவின் 1792ஆம் ஆண்டு மிலிஷியா (குடிப்படை) சட்டம் ரைஃபிள் வைத்திருப்பவர் கொண்டுவர வேண்டியதைப் பட்டியல் போடுகிறது: குண்டுப் பை, மருந்துக் கொம்பு, இருபது குண்டு, கால் பவுண்டு மருந்து. இருபது குண்டும் கால் பவுண்டும்தான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பையின் அளவுக்கு வரும்போது தேவைப்படும்.

(போகிற போக்கில் ஒன்று. கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. அந்த நூற்றாண்டில் பிரிட்டிஷ் மருந்தாலைகளுக்குப் பெருமளவு வெடியுப்பு போனது பீகாரிலிருந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில். அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு வந்த மருந்தில் பெரும்பகுதி பிரிட்டனிலிருந்து வந்தது. ஆக, அந்தக் காட்டுக்குள் போன கொம்புகள் பலவற்றில் பாட்னா பக்கத்து மண்ணின் உப்பு இருந்திருக்கும்.)

இனி எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துக்கொள்ளலாம். கொம்புகளைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். பலவற்றில் பெயரும் ஊரும் தேதியும் செதுக்கியிருக்கிறார்கள். பெயர் இருந்ததால் பேரன் பேத்திகள் தூக்கிப் போடவில்லை. 1754 முதல் 1763 வரை பிரிட்டிஷாருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரில் நியூயார்க் பக்கம், ஜார்ஜ் ஏரிக்கரை முகாம்களில் காத்துக் கிடந்த படைவீரர்கள் கொம்பின் மேல் கோட்டைகளையும் ஆறுகளையும் வரைபடமாகவே செதுக்கினார்கள். அங்கே செதுக்கியவர்களில் ஜான் புஷ் என்ற கறுப்பினப் படைவீரரின் எழுத்து அபாரமானது. மாசசூசெட்ஸ்காரர், 1757இல் வில்லியம் ஹென்றி கோட்டை வீழ்ந்தபோது சிறைப்பட்டார். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பிரின்ஸ் சிம்போ என்ற இன்னொரு கறுப்பின வீரரின் 1777ஆம் ஆண்டுக் கொம்பு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரூஃபஸ் கிரைடர் என்ற ஓவிய ஆசிரியர் வீடு வீடாகப் போய் நூற்றுக்கணக்கான கொம்புகளை நீர்வண்ணத்தில் வரைந்து வைத்தார். ஆகவே கொம்பில் எதைச் செய்தாலும் அசலோடு ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறது. பை அப்படியில்லை. தோல் தேய்ந்தது, நனைந்தது, எலி கடித்தது. கிழிந்ததை யாரும் பேரனுக்கு வைத்துவிட்டுப் போகவில்லை. இன்று சேகரிப்பாளர்களிடம் இருக்கும் பைகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அதனால் 'இதுதான் 1770 பை' என்று அடித்துச் சொல்பவரைக் கொஞ்சம் தள்ளி நின்றே கேளுங்கள். பைக்கு நான் சொல்வதும் பாதி அனுமானம்தான்.

சரி, கொம்பு. நீங்கள் போட்ட படத்தில் இருப்பது எருமைக் கொம்பு என்றே நினைக்கிறேன். முழுக்கக் கறுப்பு, குறுக்கே வரி வரியாக, வெட்டுவாய் வட்டமாக இல்லாமல் பட்டையாக இருக்கிறது. இணையத்தில் மலிவாக வருவதில் பல இந்தியாவிலிருந்து வருபவைதான். அது நல்ல கொம்பு, சீப்பும் கைப்பிடியும் செய்யலாம். இந்த வேலைக்கு வேண்டாம். உங்களுக்கு வேண்டியது மாட்டுக்கொம்பு: வெளிர் மஞ்சளோ வெள்ளையோ, நுனி மட்டும் கறுத்தது, வெளிவளைவில் நாடா வைத்து அளந்தால் பன்னிரண்டு முதல் பதினான்கு அங்குலம். வாங்கும்போது பலமான விளக்கின் முன்னால் பிடியுங்கள். வெளிச்சம் எங்கே தெரிகிறது, எங்கே நிற்கிறது என்பதிலேயே சுவர் தடிமனும் உள்குழிவின் நீளமும் தெரிந்துவிடும். அப்புறம் அதை வலது விலாவோரம் வைத்துப் பாருங்கள். வளைவு உடம்பை அணைத்துக்கொண்டு நுனி முன்பக்கமாக வந்தால் அது வலப்பக்கக் கொம்பு. வெளியே விரிந்து நின்றால் இடப்பக்கத்துக்கு. மாட்டின் தலையில் எந்தப் பக்கம் இருந்தது என்று குழம்ப வேண்டியதில்லை, உடம்பு சொல்லிவிடும்.

வேகவைப்பது பற்றி. உள்ளே எலும்புத் தண்டு இன்னும் இருந்தால் மட்டும் அரை மணி, முக்கால் மணி கொதிக்க விட்டு, தரையில் நாலு தட்டு தட்டினால் கழன்று வரும். கடையில் வாங்கியதில் பெரும்பாலும் தண்டு எடுத்தே இருக்கும். அதை வேகவைக்கத் தேவையே இல்லை. நிறைய நேரம் கொதித்தால் கொம்பு கோணிக்கொள்ளும், வெங்காயம் போல அடுக்கு பிரியும். எப்படியானாலும் வீட்டுக்குள் செய்யாதீர்கள். என் முதல் கொம்பைச் சமையலறையில் வேகவைத்தேன். அந்த வாடை திரைச்சீலையை விட்டுப் போகப் பத்து நாளானது, பேச்சு வார்த்தை திரும்ப இன்னும் கொஞ்சம் அதிகம்.

அடிவாய் பெரும்பாலும் முட்டை வடிவத்தில் இருக்கும். அதை வட்டமாக்கச் சிலர் சுமார் 160 பாகை செல்சியஸ் சூட்டு எண்ணெயில் சில விநாடி அமிழ்த்தி, மரக்கூம்பைச் செருகி ஆறவிடுவார்கள். சூடு அதிகமானால் கொம்பு பொரிந்துவிடும், எண்ணெய் தீப்பிடிக்கும். முதல் தடவைக்கு அது வேண்டாம். முட்டை வடிவத்தை அப்படியே விட்டு, அதற்கேற்ப அடிமூடியைச் செதுக்குங்கள். அசல் கொம்புகளிலும் அப்படிச் செய்தவை உண்டு. வட்டம் கடைந்து, நுனியில் திருகு மரை வைத்தவை பென்சில்வேனியாவின் கடைசல் பட்டறைகளில் தொழிலாகச் செய்தவை. உங்களுடையது ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்ததாக இருக்கட்டும்.

நுனித் துளைதான் எல்லாரையும் அழவைக்கும் இடம். கொம்பின் நுனி கெட்டியானது. அதைத் துளைத்து உள்குழிவைத் தொட வேண்டும். ஒரு மெல்லிய கம்பியை அடிவாய் வழியாக விட்டு, எங்கே முட்டுகிறதோ அந்த நீளத்தை வெளியே வைத்துப் பென்சிலால் குறியுங்கள். அந்தக் குறியிலிருந்து ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் விட்டு நுனியை அறுத்துவிடுங்கள். என் இரண்டாவது கொம்பில் நுனி அழகாக இருக்கிறதே என்று மூன்று அங்குலம் விட்டேன். துளைப்பான் நேராகப் போகிறது, கொம்பு வளைகிறது. உள்ளே போன அலகு பக்கவாட்டில் எட்டிப் பார்த்தபோது கையில் இருந்தது மருந்துக் கொம்பு அல்ல, ஊதக்கூட உதவாத ஒன்று. துளைக்கும்போது இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, கண்ணால் கோடு பிடித்துப் பாருங்கள். கொம்புத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். சூடேறினால் மயிர் கருகிய நாற்றம் வரும். வந்தால் வேகம் அதிகம் என்று பொருள்.

இதற்கப்புறம் இருப்பது சுரண்டல். நாடகச் சாமானுக்கும் அசலுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இங்கேதான். புதிதாகச் செய்பவர்கள் மேலே பளபளவென்று தேய்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். கையில் வாங்கினால் கல் போலக் கனக்கும். பழைய கொம்பு ஒன்றைத் தொட்டுப் பார்க்கக் கிடைத்தால் முதலில் திடுக்கிட வைப்பது அதன் எடைதான், காலி முட்டை ஓடு போல இருக்கும். முரட்டு அரத்தில் தொடங்கி, கத்தியை நிமிர்த்திப் பிடித்து இழுத்து, கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுருள் சுருளாக எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே விட்ட விரலின் நிழல் தெரியும் வரை. கழுத்தில் மட்டும் ஒரு வளையத்தை மேடாக விட்டுவையுங்கள், வார் நழுவாமல் நிற்க. நிதானமாகச் செய்தால் ஐந்தாறு மணி நேரம் ஆகும். நான் இதை மட்டும் மோட்டாரில் செய்வதில்லை. தடிமன் கைக்குத்தான் தெரியும்.

அடிமூடிக்குப் பைன் போதும். வாயின் உள்விளிம்பில் தேன்மெழுகை உருக்கித் தடவி, மூடியை இறுக்கிச் செருகி, சுற்றிலும் எட்டு இடத்தில் நுண்துளை போட்டு மரமுளை அடியுங்கள். மூங்கில் பல்குத்தி கச்சிதமாகப் பொருந்தும். வரலாற்றுப்படி குற்றம்தான், மூன்றடி தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது. நுனிக்குக் கெட்டி மரத்தில் வயலின் முறுக்காணி போல ஒரு தக்கை. பிறகு சோதனை: தக்கையை எடுத்துவிட்டு நுனியில் வாய் வைத்து உறிஞ்சி, துளையை நாக்கால் அடையுங்கள். கொம்பு நாக்கைப் பிடித்துக்கொண்டால் காற்றுப் புகவில்லை. விட்டுவிட்டால் மெழுகு போதவில்லை. புதுக் கொம்பில் மட்டும் இதைச் செய்யுங்கள், மருந்து போட்ட பிறகு வாயில் வைக்காதீர்கள்.

கொம்பிலிருந்து நேராகத் துப்பாக்கிக் குழலில் மருந்தைக் கொட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முந்தின வெடியின் கனல் உள்ளே மிச்சமிருந்தால், தீ ஏறி வந்து கையில் இருக்கும் மொத்தக் கொம்பும் வெடிக்கும். அதனால்தான் தனியாக ஒரு சின்ன அளவைக் குப்பி வாரில் தொங்கும். இங்கே அதை மான்கொம்பில் குடைவது வழக்கம். ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் மான்கொம்பு வேண்டாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் மான்கொம்பு வியாபாரத்துக்குத் தடை இருக்கிறது, சுங்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. மாட்டுக்கொம்பின் அறுத்த நுனியையே குடைந்துகொள்ளுங்கள். மருந்து பட்ட கொம்பை விமானத்துக்கு எடுத்துப் போவதையும் தவிர்த்துவிடுங்கள்.

செதுக்குவதற்குத் தனி ஆயுதம் வேண்டாம். கூரான கத்தி முனையால் மெல்லக் கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும். பழைய வாசகம் ஒரே அச்சில் வரும்: இன்னார், அவரது கொம்பு, இந்த ஊரில் செய்தது, இந்த ஆண்டு. எழுத்துப் பிழைகளுக்குப் பஞ்சமே இருக்காது. நீங்கள் உங்கள் பெயரைத் தமிழிலேயே வெட்டுங்கள், யார் கேட்கப் போகிறார்கள். ழகரத்தின் சுழி மட்டும் கத்திக்கு அடங்காது, அதற்கு முன் உடைந்த துண்டில் பழகிக்கொள்ளுங்கள். ஆனால் 1775 என்று தேதி போடாதீர்கள். அசல் கொம்புகள் பெரும் விலைக்குப் போவதால் போலிகளும் நிறைய. இன்று விளையாட்டுக்குப் போட்ட தேதி, ஐம்பது வருடம் கழித்து யாரோ ஒருவரை ஏமாற்றும். நான் அடிமூடியின் உட்புறத்தில் செய்த ஆண்டைச் சூட்டுக்கோலால் எழுதிவிடுவேன்.

இனி பை. புதியவர்கள் செய்யும் பிழை அளவு. மடிக்கணினிப் பை போலத் தைத்துவிடுகிறார்கள். இருபது குண்டு, நாலு துணி, இரண்டு கல். ஏழுக்கு எட்டு அங்குலம் தாராளம். பெரிதாக இருந்தால் ஓடும்போது இடுப்பில் அடிக்கும், உள்ளே எல்லாம் அடியில் போய்ச் சேரும், குளிரில் விறைத்த விரலுக்கு எதுவும் அகப்படாது. தொங்க வேண்டிய இடமும் இடுப்பு அல்ல. கையை மடித்தால் முழங்கை பையை அமுக்குகிற உயரம். குனிந்து ஊர்ந்து போகும்போது முழங்கையாலேயே பிடித்துக்கொள்ள அதுதான் வசதி.

தோலுக்கு ஒரே விதி: மரப்பட்டையில் பதனிட்டது. நீங்கள் வாங்கியதன் ஓரத்தைப் புதிதாக வெட்டிக் குறுக்குவெட்டைப் பாருங்கள். நடுவில் நீலமோ சாம்பலோ தெரிந்தால் அது குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல். குரோம் பதனிடலுக்கான முதல் வெற்றிகரமான காப்புரிமை 1884இல்தான் வந்தது. 1770ஆம் ஆண்டுப் பையில் அது இருக்க வழியில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பாக இருந்தால் சரி. தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் போதும், கன்றுத்தோலோ மான்தோலோ. நம் ஊரில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல் கிடைத்தால் அதுவும் இந்த வேலைக்கு அருமையாக அமையும், நான் ஒருமுறை பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தைத்தேன். தையல் நம் செருப்புத் தைப்பவர்கள் போடும் அதே இரட்டை ஊசித் தையல்: குத்தூசியால் துளை, தேன்மெழுகு தடவிய லினன் நூல், ஒரே துளையில் எதிரெதிராக இரண்டு ஊசி. அங்குலத்துக்கு எட்டுத் தையல். உள்புறம் வெளியே இருக்கும்படி தைத்து, இணைப்புக்கு நடுவே மெல்லிய தோல் பட்டை ஒன்றைக் கொடுத்து, நனைத்துத் திருப்பிவிடுங்கள். நூல் வெளியே தெரியாது, தேயவும் தேயாது.

கறுப்பு வேண்டுமானால் சாயம் வாங்காதீர்கள். வினிகரில் துருப்பிடித்த ஆணிகளை ஒரு வாரம் ஊறப்போடுங்கள், மூடியை இறுக்காமல். அந்தத் தண்ணீரைத் தோலில் தடவினால் கண்ணெதிரே கறுக்கும். பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் வரும் கறுப்பு அது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே வேதியியல். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, எண்ணெய் போடுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் சில வருடத்தில் தோல் நொறுங்கும்.

குஞ்சம், பாசிமணி, பை வாரிலேயே கத்தியுறை இவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லைப்புறத்து வேட்டைக்காரர்கள் கத்தி வைத்திருந்தார்கள் என்பது உறுதி. அது பை வாரில்தான் தொங்கியது என்பதற்கு 18ஆம் நூற்றாண்டு ஆதாரம் மெலிவு. கொம்பு பையோடு சேர்ந்து தொங்கியதா, தனி வாரிலா என்பதிலும் இரண்டு கட்சி உண்டு; நான் தனி வார் போடுவேன், கழற்றி வைக்க வசதி என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. பாசிமணி, முள்ளம்பன்றி முள் வேலை இரண்டும் பூர்வகுடிகளின் பைகளில் உண்மையிலேயே உண்டு. கறுப்புச் சாயமிட்ட மான்தோலில் அவர்கள் செய்தவை இந்த வகையிலேயே உச்சம். பழகிப் பாருங்கள். பூர்வகுடி வேலை என்று சொல்லி விற்றால் மட்டும் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பழையது போல ஆக்குவதற்கு நான் வழி சொல்லப் போவதில்லை. கொம்பை அமிலத்தில் மஞ்சளாக்குவது, பையை மண்ணில் புரட்டுவது எல்லாம் நடக்கிறது. மிக நல்ல கைவினைஞர்களே அதை ஒரு கலையாகச் செய்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. 1770இல் தோளில் மாட்டியவருக்கு அது புதுப் பைதான். ஒரு குளிர்காலம் தோளில் போட்டு நடந்து பாருங்கள், கை எண்ணெய் படும் இடமெல்லாம் தானே கறுக்கும்.

முதலில் அந்த எருமைக் கொம்பை ஓரமாக வைத்துவிட்டு ஒரு மாட்டுக்கொம்பு தேடுங்கள். கிடைத்ததும் துளைப்பானைத் தொடும் முன், கம்பி எவ்வளவு உள்ளே போகிறது, மொத்த நீளம் எவ்வளவு என்று அளந்து இதன் கீழேயே எழுதுங்கள். எங்கே அறுப்பது என்று சொல்கிறேன்.